வெள்ளித்தாள் அறை

“வீட்டுல ஒக்காந்துகிட்டே சம்பளமா? அவ்ளோ நல்ல மொதலாளிய நீ எங்கலா புடிச்ச?”

எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று அத்தை கேட்டது இது. அத்தை அப்பாவின் அக்கா. நாங்கள் திகாம் பத்துவில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், குடியேறிவிட்டோம். அவர் பாடாங் மேஹா பக்கத்தில் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். கையில் இருந்த முறுக்கைக் கடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மாதான் கேக்குறேன், பாப்பா. ஆள நேர்ல பாத்தியா? நாளைக்கு அவன் பெட்டிய மூடிட்டுப் போயிட்டான்னா நீ யாருகிட்ட போயி கேப்ப?”

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அதற்கு மேலும் படித்தவள் நான் மட்டும்தான். இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில், மலாயில், தமிழில் எதில் வேண்டுமானாலும் பதில் சொல்ல என்னால் முடியும். ஆனால் அத்தையிடம் எதுவும் எடுபடாது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டியிருந்த பலகைக் கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

அப்பா கூரை போடுபவர். தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவிக்கொண்டிருந்தவர், ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தபோது வெளியே வந்து, சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலைகளுக்குத் தகரக் கூரை போடும் ஒரு குத்தகைக்காரரிடம் சேர்ந்தார். அந்தக் கூரைகளுக்கு அடியில், வெயிலின் சூடு இறங்காமல் இருக்க, ஒரு தாளை விரிப்பார்கள். தடித்த அலுமினியத் தாள், கண்ணாடிபோல் மினுங்கும். வேலையிடத்தில் மீந்துபோன ஒரு சுருளைக் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டி, அடுத்த வாரமே கொண்டுவந்து இறக்கினார்.

“சூடுதான் லப்டாப்புக்கு ஆகாதாம்லா. வேல எடத்துல பசங்க சொல்றாங்க. சூடு ஏறுச்சுன்னா ரோசாக் ஆயிடுமாம், கெட்டுப் போயிடுமாம்.”

கொட்டகையில் இருந்த அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் ஓடாத கிரைண்டரும் வெளியே வந்தன. அப்பா தன் ஓய்வு நாட்களையெல்லாம் அதில் போட்டார். கூரையின் உட்புறம், நான்கு சுவர்கள், கதவின் பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் தாளை இழுத்துப் பிடித்து அடித்தார். தாளும் தாளும் சேரும் இடத்தில் வெள்ளி நாடாவை ஒட்டி விரலால் நீவினார். வேலையில் அவர் இடுக்கு விடமாட்டார். அதற்காகவே குத்தகைக்காரர் அவரை எங்கும் அழைத்துப் போவார். முடிந்தபோது அந்த அறைக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கலங்கலாக நானே தெரிந்தேன்.

அம்மா அங்கே பால் காய்ச்சினார்.

“கொட்டகைக்கெல்லாம் யாராவது பால் காய்ச்சுவாங்களாமா?” என்று நான் கேலி செய்தேன்.

“கொட்டகையா?” என்றார் அப்பா. “ஆபீஸ்லா இது.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்பாவுக்கு வாழ்நாளில் தனியாக ஓர் அறை இருந்ததே இல்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இப்போதும் அவர் கூடத்தில்தான், மின்விசிறிக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். நான் பால் டம்ளரை வாங்கிக்கொண்டு, நன்றி என்று சொல்லக் கூச்சப்பட்டு, நாற்காலி எங்கே போடுவது என்று பேசினேன்.

அறை குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் வேலை தொடங்கிய நாளிலிருந்தே வைஃபை என் காலை வாரிவிட்டது. கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பில்களைச் சரிபார்த்து ஏற்றுவது என் வேலை. நடுநடுவே திரையில் கூட்டங்கள். நான் பேசத் தொடங்குவேன், திரை நின்றுவிடும். மறுபடி உள்ளே நுழைந்தால் எல்லாரும் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள். வாய் பாதி திறந்தபடி உறைந்துபோன என் முகத்தைச் சக ஊழியை ஒருத்தி படம் பிடித்து அனுப்பினாள். விளையாட்டுக்குத்தான். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் மேலாளர் மரியாதையாகவே சொன்னார். வேலை நன்றாக இருக்கிறதாம். ஆனால் இணைப்பு இப்படியே இருந்தால் சோதனைக் காலம் முடிந்ததும் நான் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை நீட்டிக்க முடியாது.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார். “லைன் எப்படி?”

மேலாளர் சொன்னதைச் சொன்னேன்.

“கோலாலம்பூரா?” என்றார். தண்ணீர் காலில் ஓடிக்கொண்டே இருந்தது. “அப்போ ரூம்பு?”

நான் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அறையே.

நான் படித்தவள். அதனால் முதலில் சந்தேகப்பட்டது அம்மாவை. ஜெராய் மலைப் பக்கம் லேசாக இடி உறுமினாலே அம்மா வீடு முழுக்க ஓடி ஓடி ப்ளக்கைப் பிடுங்குவார். டிவி, குளிர்பெட்டி, கூடத்தில் இருக்கும் மோடம், எதையும் விடமாட்டார். “நீங்க தொடுறதாலதான் லைன் போகுது. இனிமே அது பக்கமே போகாதீங்க” என்று கத்தினேன். அதன் பிறகு மழை நாட்களில் அம்மா மோடத்துக்கு எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தன் கை தன்னை மீறிப் போய்விடுமோ என்று பயந்தவர்போல. நல்ல வெயில் நாளிலும் இணைப்பு அறுந்தது. அம்மாவிடம் போய்த் தப்பு உங்கள் மீது இல்லை என்று நான் சொல்லவில்லை.

அடுத்து மடிக்கணினி. அதற்குச் செய்யாத வைத்தியம் இல்லை. வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேர்த்தேன். அதன் மென்பொருளை நீக்கிப் புதிதாக ஏற்றினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபையைத் தானாக அணைக்கும் ஓர் அமைப்பு உள்ளே ஒளிந்திருந்தது, அதை நிறுத்தினேன். மோடத்தின் அலைவரிசையை மாற்றினேன். ஒன்றும் பலிக்காமல், சுங்கைப் பட்டாணியில் ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அது கண்ணை மூடித் திறப்பதற்குள் இணைந்தது, ஒரு முறைகூட அறுபடவில்லை.

“லப்டாப் ஓக்கேலா, அக்கா” என்றார் கடைக்காரர். “அடுத்தவாட்டி வர்றப்போ வீட்டத் தூக்கிட்டு வாங்க, பாப்போம்.”

நான் சிரிக்கவில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை ரிசீவரை வாங்கிக்கொண்டு வந்து மடிக்கணினியில் செருகினேன். அதுவும் உதவவில்லை.

பிறகு ஒரு மதியம், வேறு வழி தெரியாமல், மடிக்கணினியைத் திறந்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் சின்னக் கோடுகளைப் பார்த்தபடி நடந்தேன். கூடத்தில் முழுதாக இருந்தது. சமையலறையில் கொஞ்சம் குறைந்தது, போதுமானதாகவே இருந்தது. பின்வாசல் தாண்டிக் கொட்டகைக்கு வெளியே, பலகைச் சுவரை ஒட்டி நின்றேன், அங்கும் இருந்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன். ஒற்றைக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்கி, அதுவும் போய்விட்டது. கதவைத் திறந்தேன், வந்தது. சாத்தினேன், போனது. குழந்தைபோல மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி மார்பில் ஏறியது. ஏறிய வேகத்தில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.

அப்பா நீவி ஒட்டிய நாடா, மூலைக்கு மூலை நேராகப் போயிருந்தது. வெயில் நுழையாத அறைக்குள் வைஃபையும் நுழையவில்லை. வெளியே வந்து கைபேசியில் தேடியபோது முதல் பக்கத்திலேயே அது இருந்தது. அலுமினியத் தாள் அலையைத் தடுக்கும். எத்தனை மென்பொருள் ஏற்றினாலும் பயனில்லை.

அன்று மாலை அப்பா கால் கழுவிக்கொண்டு கேட்டார். “லைன் எப்படி?”

“பாத்துட்டிருக்கேன்ப்பா” என்றேன்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நீங்கள் போட்ட தாள்தான் காரணம். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஏணியில் நின்று அண்ணாந்தே வேலை செய்து, கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தது என் கண்ணில் இருந்தது. பார்க்க வருகிறவர்களையெல்லாம் அவர் அந்த அறைக்குத்தான் முதலில் அழைத்துப் போவார்.

அதனால் பொய் சொன்னேன். கூட்டங்களுக்குச் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தேன். ஏன் என்று அப்பா கேட்டபோது, “உள்ள வெளிச்சம் பத்தலப்பா, என் முகம் இருட்டாத் தெரியுது” என்றேன். மறுநாள் அவர் இரண்டு குழல்விளக்குகளோடு வந்தார். அதன் பிறகு அந்த அறை நகைக்கடைபோல ஜொலித்தது. நானோ இன்னும் சமையலறையில்தான் இருந்தேன். என் கூட்ட நேரத்தில் அம்மா தாளிப்பதை நிறுத்திவிட்டார். மிக்சியைத் தொடுவதில்லை. பாத்திரத்தை வைக்கும்போது துணியை விரித்து அதன் மேல் வைப்பார். ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியதற்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கூடத்து மோடத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து, அறைக்குள்ளேயே இன்னொரு சின்ன வைஃபை பெட்டியை வைத்துவிட்டால் போதும். அலை தாளைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. “கம்பெனியில கேபிள் போடச் சொல்றாங்கப்பா” என்றேன். அப்பா சுவரில் துளை போட்டுக் கொடுத்தார். கம்பியை நுழைத்ததும் துளையைச் சுற்றி மறக்காமல் வெள்ளி நாடா ஒட்டினார்.

இணைப்பு பாறைபோல நின்றது. மேலாளர் பாராட்டினார். வேலை நிரந்தரமானது. அப்பா தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்; அறையைப் பற்றியும் சேர்த்துத்தான். யாருக்கும் நஷ்டமில்லை, இதை இப்படியே விட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தை மறுபடி வந்தது அப்போதுதான். வேலை நிலைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வெள்ளி அறையின் வாசலில் நின்று, நான் திரையில் பேசி முடிக்கும்வரை வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“தம்பி, என் பொண்ணுக்கும் இதே மாதிரி ஒரு ரூம்பு போட்டுக் குடுலா. அவளும் இப்போ காலேஜு பாடமெல்லாம் வீட்டுலதான் படிக்கிறா. வெயில்ல வெந்து போறா பிள்ள.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவருடைய அக்கா அவரிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை, குறைதான் சொல்லியிருக்கிறார். “இந்த சனிக்கிழமையே வர்றேன்க்கா. தாளு இருக்கு” என்றார்.

அத்தை வீட்டுக்குக் கம்பி வழி இணையம் கிடையாது. அத்தை மகள் கைபேசியின் சமிக்ஞையைத்தான் மடிக்கணினிக்குப் பகிர்ந்து படிக்கிறாள். அதுவே அந்தப் பக்கம் இழுத்துப் பறித்துத்தான் கிடைக்கும். அவள் படிக்கும் பலகை அறையையும் அப்பா இடுக்கில்லாமல் மூடினால், உள்ளே எதுவும் வராது. என் கம்பித் தந்திரமும் அங்கே செல்லாது. இதுவரை என் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் என் வீட்டுக்குள் இருந்தார்கள். இனி அவளும் கொடுப்பாள், காரணம்கூடத் தெரியாமல்.

சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று, அப்பா இரவல் வாங்கி வந்த காரில் ஏறினேன். பின் இருக்கையிலிருந்து தாள் சுருள் எங்கள் இருவரின் தோள்களுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. சுங்கைப் பட்டாணியைத் தாண்டியதும் தொடங்கினேன்.

“அப்பா, அத்தை வீட்டுக்கு இந்தத் தாள் வேணாம்.”

“ஏன்? ஒனக்குப் போட்டத விடக் கெட்டித் தாளுலா இது.”

“லைன் உள்ள வராதுப்பா. அலுமினியம் அடச்சிரும்.”

அப்பா சிரித்தார். “ஒன் ரூம்புல வருதே.”

“கேபிள் போட்டதாலதான் வருது. அதுக்கு முன்னாடி வராததுக்குக் காரணமே தாள்தான்.”

முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முந்த இடம் இருந்தும் அப்பா முந்தவில்லை.

“எப்போலேருந்து தெரியும் ஒனக்கு?”

“கேபிள் வாங்குறதுக்கு முன்னாடியே.”

“நான் லைட்டு போட்டப்போ?”

“தெரியும்.”

“ஒங்கம்மா தாளிக்காம கொள்ளாம நடந்துகிட்டு இருந்தாளே, அப்போ?”

“தெரியும்ப்பா.”

“ம்.” கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார். “பெத்த புள்ளைய பிஸ்கட்டு டின்னுல போட்டு மூடிட்டேன் போ” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

“நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான்…”

“யாரு, நானா? கூரை மேல நிக்கிறப்போ கீழேருந்து கத்துவான், அந்தப் பக்கம் ஒழுவுதுன்னு. நான் போயி அடைப்பேன். இத்தன வருசமா அதான என் வேல? ஒழுவுதுன்னு சொன்னா அழுதுருவேன்னு நெனச்சியா?”

அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். ஒரு சின்ன உண்மையைக்கூடத் தாங்கமாட்டார் என்று அவரைப் பற்றி நானே முடிவு செய்திருக்கிறேன். படித்தவள் என்ற திமிர், இப்படிக்கூட அன்பு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியாது.

அத்தை வீட்டில் இறங்கியதும் அப்பாவே சொன்னார். “அக்கா, ரூம்புக்கு தாளு வேணாம். லைன் வராதாம்.”

அத்தை இடுப்பில் கை வைத்தார். “ஓ. ஒன் பொண்ணுக்கு வெள்ளி ரூம்பு, என் பொண்ணுக்கு வெறும் பலகையா? குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுலா, தம்பி.”

“அப்படி இல்ல, அத்தை.” நான் தாளில் ஒரு துண்டை வெட்டி, அப்பாவின் கைபேசியை அதில் வைத்து இறுகச் சுற்றி, முனைகளை மடித்தேன். “இப்போ அப்பாவுக்கு போன் பண்ணிப் பாருங்க.”

“என்னாலா இது, நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரி மடிச்சுக் குடுக்குற?” என்றபடியே அத்தை அழைத்தார். காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழைத்தார். “தொடர்புல இல்லைங்குறா.”

அப்பா அந்த வெள்ளிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது ஒலிக்கவே இல்லை.

“அப்போ இவ ரூம்புல இத்தன நாளா…” என்று அத்தை தொடங்கி, தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தை பாதியில் நிறுத்திய வாக்கியம் ஒன்றை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா பொட்டலத்தைப் பிரித்துக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். “கூரைக்கு மட்டும் அடிச்சுப் பாக்கலாம். சூடு மேலேருந்துதானே எறங்குது. நீ லைன் பாத்துச் சொல்லு.”

அப்படித்தான் செய்தோம். அவர் ஏணியில் ஏறி ஒரு தாளை அடிப்பார். நான் அத்தை மகளின் கைபேசியை ஏந்திக்கொண்டு கீழே நிற்பேன்.

“இருக்கா?”

“இருக்குப்பா.”

கூரை முழுதும் முடிந்தது. இணைப்பு அப்படியே இருந்தது. வெயில் விழும் மேற்குச் சுவருக்கும் ஒன்று போட்டால் நன்றாக இருக்கும் என்று அப்பாவுக்கு ஆசை. இழுத்துப் பிடித்து, நேர் பார்த்து, அழகாக அடித்தார். நாடாவை ஒட்டி நீவினார்.

“இருக்கா?”

கைபேசிக் கோபுரமும் மேற்குப் பக்கம்தான்போல, திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அத்தை என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்லிவிட என் நாக்கு தானாகவே தயாரானது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது.

“போச்சுப்பா.”

“முழுசாவா?”

“முழுசா.”

அவர் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தாளைக் கழற்றினார். வேகமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. சுருட்டி என்னிடம் நீட்டினார்.

வீடு திரும்பும்போது, எங்கள் அறைச் சுவர்களையும் இதேபோல் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். “அதான் கேபிள் ஓடுதுல்ல. கெடக்கட்டும், பாப்போம்” என்றார். கெடக்கட்டும் என்றது என் மனம் நோகாமல் இருக்கத்தான் என்று எனக்குப் புரிந்தது. விட்டால் அந்த அறை அப்படியே நிற்கும். வருகிறவர்களை அவர் அங்கே அழைத்துப் போகாமல் மட்டும் இருப்பார். அவர் எதையும் கேட்கமாட்டார், நானும் எதையும் சொல்லமாட்டேன்.

அதனால் வந்தவுடன் அம்மாவை உட்கார வைத்து முழுதையும் சொன்னேன், மோடத்தில் தொடங்கி. திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதி அனுப்பிவிட்டேன். அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மேசையையும் நாற்காலியையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன். சின்னப் பெட்டியைக் கழற்றிக் கம்பியைச் சுருட்டினேன். இப்போது அறை காலி. மீதிச் சுவர்களை அப்பாவோடு சேர்ந்து கழற்ற ஏணியை உள்ளே சாத்தி வைத்திருக்கிறேன். வாசல் பக்கத்துச் சுவரில் முதல் நாடாவை, நடுவில் கிழியாமல், மேலிருந்து கீழ்வரை நானே உரித்துவிட்டேன்.